கச்சாலியா சேட் கொடுத்த மஞ்சள் கடுதாசி

கடையில் அடுக்கியிருக்கும் சரக்கில் பெரும்பகுதி கடன் சரக்காகவே இருக்கும் என்பது நம் வணிகச் சகோதரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மொத்த வியாபாரி தவணை கொடுக்கிறார். நாம் விற்று, வசூலித்து, தவணைக்குக் கட்டுகிறோம். அந்த மொத்த வியாபாரி ஒருநாள் காலையில் ஆள் அனுப்பி, “உரிமைப் போராட்டத்தை விட்டு விலகும்; இல்லையேல் பாக்கி முழுவதையும் இப்பொழுதே எண்ணி வையும்” என்று சொன்னால், நம்மில் எத்தனை பேர் கலங்காமல் இருப்போம்?

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் மாகாணத்தில் வாணிபம் செய்துவந்த அஹமது முஹம்மது கச்சாலியா என்னும் குஜராத்தி முஸ்லிம் வணிகருக்கு இந்தச் சோதனை வந்தது. இன ஒதுக்கலை எதிர்த்து அமைதி வழியில் நடந்த போராட்டங்களைப் பற்றிப் பேசும்போது சிறை சென்றோர் வரலாற்றைத்தான் எல்லோரும் சொல்லுவர். பேரேட்டின் வழியே நடந்த போரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆகவே இப்பாடத்தில் அதனையே எடுத்துக்கொள்வோம்.

டிரான்ஸ்வால் போயர்களின் குடியரசாக இருந்த காலத்திலேயே, 1885-ஆம் ஆண்டின் 3-ஆவது சட்டம் ஆசியர்களைத் தனியே பிரித்துவைத்தது. அவர்களுக்கென ஒதுக்கிய ஒதுக்குப்புறங்களுக்கு வெளியே நிலம் வாங்கக்கூடாது. வாணிபம் செய்யக் குடியேறுவோர் கட்டணம் கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். 1902-இல் போயர் யுத்தம் முடிந்து ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது இந்த அநீதி ஒழியும் என்று நம்மவர் எதிர்பார்த்தனர். ஒழியவில்லை, பிடி இறுகியது. 1906-இல் புதியதொரு சட்டத்தின் நகல் வெளிவந்தது. டிரான்ஸ்வாலில் வாழும் இந்தியர், சீனர் அனைவரும் பத்து விரல் ரேகையும் பதித்துச் சீட்டு வாங்க வேண்டும். எட்டு வயதைக் கடந்த பிள்ளைகளும் தப்பவில்லை. போலீஸ்காரர் எந்த இடத்தில் கேட்டாலும் சீட்டைக் காட்ட வேண்டும். அது இல்லாதவருக்குச் சிறை அல்லது நாடு கடத்தல்.

1906 செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் சுமார் மூவாயிரம் இந்தியர் கூடினர். வணிகரான அப்துல் கனி தலைமை வகித்தார். இச்சட்டத்திற்குக் கீழ்ப்படிவதில்லை, அதனால் வரும் தண்டனையை ஏற்போம் என்பது தீர்மானம். ஹாஜி ஹபீப் என்னும் பெரியவர் எழுந்து, இதைக் கைதூக்கி நிறைவேற்றினால் போதாது, இறைவனைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். வக்கீல் காந்தியாரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். தீர்மானத்தை மறுநாள் மறந்துவிடலாம். சத்தியத்தை அப்படி மறக்க முடியாதல்லவா? கூட்டம் முழுவதும் எழுந்து நின்று சத்தியம் செய்தது.

1907 ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தது. அம்மாதக் கடைசியில் பிரிட்டோரியா பள்ளிவாசல் மைதானத்தில் பெருங்கூட்டம். இந்தியரிடம் அனுதாபமுள்ள ஹாஸ்கன் என்ற வெள்ளைக்காரப் பிரமுகர், சர்க்காரின் பலத்தை எடுத்துச் சொல்லிப் பணிந்துவிடுமாறு புத்தி கூறினார். அப்போதுதான் கச்சாலியா எழுந்தார். அதுவரை பொதுக்காரியங்களில் முன்னணிக்கு வராதவர். தூக்கில் போட்டாலும் இந்தச் சட்டத்துக்குப் பணியமாட்டேன் என்று, தம் கழுத்தைக் கையால் தொட்டுக் காட்டி, ஆண்டவன்மேல் ஆணையிட்டார். மேடையில் ஆவேசம் வருவது எளிது என்று எண்ணுவோரும் அங்கே இருந்திருப்பார்கள். நாமும் அப்படித்தானே எண்ணுவோம்!

1908 ஜனவரியில் காந்தியாரும், தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும், சீனர் சங்கத் தலைவர் லியூங் குவின்னும் சிறைப்பட்டனர். அம்மாத முடிவிலேயே சமரசம் ஏற்பட்டது: இந்தியர் தாமாகவே பதிந்துகொண்டால் சட்டம் ரத்தாகும் என்று நம்மவர் நம்பினர். பதிந்துகொண்டனர், சட்டம் ரத்தாகவில்லை. 1908 ஆகஸ்டு 16-இல் ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் மைதானத்தில் மூன்றுகால் இரும்புக் கொப்பரை ஒன்றை வைத்து, சர்க்காரின் கடைசிப் பதிலுக்காகக் காத்திருந்தனர். சைக்கிளில் வந்த தொண்டர் தந்தியைக் கொடுத்தார். பதில் சாதகமாக இல்லை. இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சீட்டுகள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்பட்டன.

சீட்டு இல்லையேல் வியாபார லைசென்ஸ் இல்லை. கூடை தூக்கும் அங்காடி வியாபாரிகள் லைசென்ஸ் இன்றியே விற்று, பிடிபட்டு, சிறைக்குள் போனார்கள். அவர்களில் தமிழர் மிகுதி. ஒரு தண்டனை முடிந்து வெளியே வந்ததும் மறுபடியும் கூடையைத் தூக்கினர். வசதி படைத்த சிலரும் வேண்டுமென்றே கூடை சுமந்து தெருவில் இறங்கினர். ஆயினும் பெரிய கடைக்காரர்களை வளைக்கச் சிறையைவிடச் சுலபமான வழி இருந்தது. அவர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் ஐரோப்பிய மொத்த வியாபாரிகள்.

கச்சாலியா அப்போது பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைவர். தலைவரை வீழ்த்தினால் மற்றவர் தாமே ஓடிவிடுவர் என்று அந்த மொத்த வியாபாரிகள் கணக்குப் போட்டிருக்கலாம். போராட்டத்தை விடு, இல்லையேல் பாக்கியை உடனே கட்டு என்று நெருக்கினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் வணிகர் செய்யக்கூடியவை நமக்குத் தெரியும். பணிந்து கையெழுத்துப் போடலாம். சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். கெட்டிக்காரராயிருந்தால் மைத்துனர் பெயருக்குக் கடையை மாற்றிவிட்டுக் கைவிரிக்கலாம். அதற்கு உதாரணம் தேடி ஆப்பிரிக்காவரை போகவேண்டியதில்லை.

கச்சாலியா இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. போராட்டத்தில் சேர்ந்தது தம் மார்க்கத்தையும் மானத்தையும் பொறுத்தது, வியாபாரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்றார். கையிருப்புச் சரக்கு இவ்வளவு, வரவேண்டிய பாக்கி இவ்வளவு, கொடுக்கவேண்டியது இவ்வளவு என்று ஐந்தொகையைத் திறந்து வைத்தார். கடனைக் காட்டிலும் சொத்து அதிகம். அவகாசம் தந்தால் கட்டிவிடலாம், இல்லையேல் சொத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் மசியவில்லை. 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் திவாலானவரென அறிவிக்கப்பட்டார். நம் ஊர் வழக்கில் சொன்னால் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். சொத்துகள் விற்றும் வசூலித்தும் தீர்க்கப்பட்டன. முடிவில் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுனுக்கு இருபது ஷில்லிங் வீதம், ஒரு காசு குறையாமல் முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது! அந்தத் திவாலினால் அவருடைய நாணயம் கெடவில்லை. மதிப்பு உயர்ந்ததென்று காந்தியார் எழுதுகிறார்.

இதைப் படித்துவிட்டு வணிகர் எல்லோரும் கச்சாலியாவைப் போல நின்றனர் என்று எண்ணிவிடக்கூடாது. பலர் ஒதுங்கிக்கொண்டனர். இழப்பதற்கு அதிகம் உள்ளவன் முதலில் தளர்கிறான் என்பதும் இவ்வரலாற்றில் உள்ளதே. 1909-இல் நாகப்பன் என்ற தமிழ் இளைஞர் குளிர்காலச் சிறைவாசத்தால் நோயுற்று இறந்தார். நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் அலைக்கழிந்த நாராயணசாமி 1910-இல் மாண்டார். அவர்களுக்குக் காப்பாற்றக் கடையோ கிட்டங்கியோ இருக்கவில்லை.

1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்ற பொருள்பட நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண்மணியைப் பற்றியது. பெண்களும் போராட்டத்தில் இறங்கினர். நவம்பரில் சுரங்கத் தொழிலாளர் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளுமாக எல்லை கடந்து நடந்தனர். 1914-ஆம் ஆண்டுச் சட்டம் திருமணங்களை ஏற்றது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மேல் போட்டிருந்த 3 பவுன் தலைவரி நீங்கியது. ஒதுக்குப்புறச் சட்டங்கள் அப்படியே நின்றன. அந்நாட்டுக் கறுப்பின மக்கள் சுமந்த நடமாட்டச் சீட்டும் நின்றது. அன்றைய இந்தியர் போராட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது பெருங்குறை.

கச்சாலியா 1918-இல் காலமானார். அக்குறையைத் தீர்ப்பதில் அவர் மக்கள் இருவருக்கும் பங்குண்டு. 1952-இல் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து இன ஒதுக்கல் சட்டங்களை மீறியபோது, தொண்டர் படைக்கு நெல்சன் மண்டேலா தலைவர்; மௌல்வி கச்சாலியா துணைத் தலைவர். தம்பி யூசுப் கச்சாலியா ஜூன் 26-ஆம் நாள் இரவு மண்டேலாவுடன் ஜோஹன்னஸ்பர்க்கில் கைதானார். அந்த இயக்கத்தில் எட்டாயிரத்திற்கு மேற்பட்டோர் சிறை சென்றனர்.

அவர்கள் எதிர்த்த சட்டங்களுள் ஒன்று 1950-ஆம் ஆண்டின் குழுவாரிப் பகுதிச் சட்டம். இன்ன இனத்தார் இன்ன தெருவில்தான் வசிக்கலாம், கடை வைக்கலாம் என்பது அது. அதன்படி 1970-களில் ஜோஹன்னஸ்பர்க் பேஜ்வியூ பகுதியில், பதினான்காம் தெருவின் இந்திய வணிகர்கள் கடைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1991-இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது அந்தப் பகுதியின் பெரும்பாகம் இடிக்கப்பட்டுப் போயிருந்தது.