பூட்டினால் எப்போது திறப்பது?



சென்ற முறை படிப்பு வட்டத்தை மலைநாட்டில் வைக்காமல் கல்முனையில் வைத்தோம். நம்முடைய பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும், அரிசி விளைகிற வயலையும் பார்க்கட்டும் என்பதே எண்ணம். சம்மாந்துறைப் பக்கத்து வயல்காரர் சிலரும், மருதமுனையில் தறி நெய்கிற தாய்மார் சிலரும் எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். இலவச மருத்துவத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. ஆனால் கொழுந்தெடுக்கிற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி வகுப்பையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"அமெரிக்காவில வைத்தியச் செலவுக்குக் குடுக்கிற உதவிய நிறுத்தக் கூடாதுன்னு ஒரு கட்சி அரசாங்கத்தையே பூட்டி வச்சிச்சாமே. கடைசியில கொஞ்சப் பேரு விட்டுக் குடுத்துட்டாங்களாம். இன்னும் பூட்டி வச்சிருக்கணுமா, வேணாமா?"

முதலில் நடந்ததைச் சொல்வோம். அங்கே நம் நாட்டைப் போல எல்லாருக்கும் பொதுவான இலவச ஆஸ்பத்திரி இல்லை. காப்புறுதி வாங்கித்தான் வைத்தியம். அந்தக் காப்புறுதிக் கட்டணத்துக்கு அரசாங்கம் 2021 இல் கூட்டிக் கொடுத்த உதவித்தொகை 2025 டிசம்பர் 31 ஆம் திகதியோடு முடிய இருந்தது. அதை நீடிக்காவிட்டால் செலவுச் சட்டத்துக்குக் கை தூக்க மாட்டோம் என்று ஜனநாயகக் கட்சி நின்றது. செனட் சபையில் அதற்கு 60 வாக்கு வேண்டும். ஆளும் குடியரசுக் கட்சியிடம் 53 தான் இருந்தது. ஒக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கம் பூட்டிக் கிடந்தது. பல இலட்சம் அரச ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. நவம்பரில் 4 கோடிக்கு மேற்பட்ட ஏழைகளின் உணவு உதவியும் தடைப்பட்டது. அதன் பிறகு எதிர்ப்பக்கத்து எட்டுப் பேர் மாறி வாக்களிக்க, பூட்டுத் திறந்தது. கையில் கிடைத்தது, டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு வைப்போம் என்ற சொல் மட்டும். வாக்கெடுப்பை வைத்தார்கள், அது தோற்றது. உதவித்தொகையும் வருடக் கடைசியோடு முடிந்தது.

நம் நாட்டில் இப்படி நடக்குமா என்று ஒருவர் கேட்டார். வரவு செலவுத் திட்டம் பிந்தினால் இங்கே இடைக்காலக் கணக்கறிக்கை என்று ஒன்றை நிறைவேற்றிக்கொள்வார்கள். 2018 இல் இரண்டு பிரதமர் என்று நாடு குழம்பிக் கிடந்தபோது ஜனவரிக்குப் பணம் இல்லாமல் போகுமோ என்ற பயம் வந்தது. டிசம்பர் 21 ஆம் திகதி பாராளுமன்றம் அடுத்த நாலு மாதச் செலவுக்கு அனுமதி கொடுத்ததால் தப்பினோம். ஆகவே நம்மிடம் பூட்டுவது அரசாங்கம் அல்ல. கடை, பஸ், தொழில்.

இந்த இடத்தில் வயல்காரப் பெரியவர் ஒருவர் வாய் திறந்தார். "எங்கட ஊர்ல ஹர்த்தாலுக்குக் குறைச்சல் இல்ல மகள். கடையப் பூட்டுற லேசி. எப்பத் திறக்கிற எண்டு பேசிட்டுப் பூட்டணும். இல்லாட்டி நாட்கூலிக்காரன்ட அடுப்புத்தான் முதல்ல அணையும்."

அவர் சொன்னதற்கு நம் சரித்திரத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 1953 யூலையில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் கூப்பன் அரிசிக்குக் கொடுத்த மானியத்தை வெட்டியது. நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. சமசமாஜக் கட்சி முதலான இடதுசாரிகள் ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். ஒரே ஒரு நாள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்தார்கள். மேற்கிலும் தெற்கிலும் தண்டவாளத்தைக் கூடப் பெயர்த்துவிட்டார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் வைத்ததாம்! அவசரகாலச் சட்டம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

சில இடங்களில் சனம் அடுத்த நாளும் ஓயவில்லை. தலைவர்கள் நீடிக்கவில்லை. இன்னும் பிடித்திருந்தால் அரசாங்கமே விழுந்திருக்கும் என்று பிறகு குறை சொன்னவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மாதத்தில், ஒக்டோபரில், டட்லி பதவி விலகினார். அரிசி விலையும் ஓரளவு இறங்கியது. 1956 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி படுதோல்வி கண்டது. ஒரு நாள் பூட்டுக்குப் பின்னால் வாக்குப் பெட்டி இருந்தது. (நம் ஆட்களுக்கு அந்தப் பெட்டி இல்லை. 1948 குடியுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த தேர்தல் சட்டமும் நம் வாக்கைப் பறித்து முடித்திருந்த காலம் அது. அரிசி விலை ஏறினால் நமக்கும்தான் ஏறும், ஆனால் நம்மைப் பார்த்து யார் பயப்படுவார்?)

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். கல்முனையில் ஒரே ஊருக்குள் இரண்டு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. ஒன்றுக்கு மறைந்த தலைவர் அஷ்ரஃபின் பெயர். நம் தங்கச்சிமார் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நம் லயத்திலிருந்து கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும். அதாவது ஒரு பேர் போகும்.

2024 ஜனவரியில் டொக்டர்மாரின் ஒரு கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆக்க அமைச்சரவை இணங்கியது. எங்களுக்கும் வேண்டும் என்று சுகாதாரத் துறையின் மற்ற 72 தொழிற்சங்கங்கள் பெப்ரவரி 1 ஆம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கின. கேட்டதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சிறுவர், மகப்பேறு, புற்றுநோய் ஆஸ்பத்திரிகளை விட்டுவைத்ததும் நல்ல காரியம். ஆனால் அந்தத் தனி ஆஸ்பத்திரிகள் பெரிய நகரங்களில் அல்லவா இருக்கின்றன? கேள்வி கேட்ட அதே தங்கச்சியின் அம்மா, அந்த நாட்களில் ஒருநாள், பிரஷர் குளிசைக்காக விடிய ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போயிருக்கிறார். மருந்து கொடுக்க ஆள் இல்லை. வெறுங் கொப்பியோடு திரும்பினார். பஸ் காசும் போய், ஒரு பேரும் போனது. கொடுப்பனவை முடிவுசெய்கிற அமைச்சருக்கு அன்றைக்கு என்ன போனது?

நம் எண்ணம் இதுதான். பூட்டினால் வலி, மறுக்கிறவன் மேல் விழவேண்டும். அப்படி விழுகிறவரைக்கும் நீடிக்கலாம். யாருக்காகப் பூட்டினோமோ அவர்கள் சட்டியில் கைவைத்த அன்றைக்குத் திறந்துவிட்டுச் சண்டையை வேறு களத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அமெரிக்கக் கட்சி தொடங்கியது பிழையல்ல. உணவு உதவி நின்ற பிறகு இழுத்ததுதான் நமக்குச் சரியாகப் படவில்லை.

தங்கச்சி விடவில்லை. "அப்ப எப்பவும் நாங்கதான் முதல்ல இறங்கி வரணுமா? 2018 டிசம்பர்ல ஆயிரம் ரூபா கேட்டு நின்னோம். பேசித் தீர்ப்போம்னு சொன்னதும் வேலைக்குப் போனோம். என்ன கெடச்சது?"

கிடைத்தது, 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தில் 700 ரூபா அடிப்படைச் சம்பளம். ஆயிரம் ரூபா 2021 இல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. சொல்லை நம்பித் திறந்தால் இப்படியும் ஆகும் என்பதை நாம் மறுக்க முடியவில்லை. எழுத்தில், திகதியோடு, தொகையோடு வாங்கிக்கொண்டு திறக்கவேண்டும் என்றோம். "எழுதித் தராட்டி?" என்றார். பெரியவர் சிரித்தார். "அதுக்கு எனக்கிட்டயும் பதில் இல்ல மகள்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மாவின் அடுத்த கிளினிக் புதன்கிழமையாம். எந்தச் சங்கமாவது அறிவித்தல் விட்டிருக்கிறதா என்று முதல் நாள் இரவே ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் இப்போது புறப்படுகிறார்களாம்.