உத்திரப் பாலமும் தாங்கிகளின் பாரமும்

உப்பூர் போன்ற கடலோர ஊர்களில், மணற்பாங்கான கரைகளிடையே வாய்க்காலின்மீது பனை உத்திரம் இடுமுன், ஒவ்வொரு கரைத்தாங்கியும் சுமக்கும் பாரத்தைக் கணக்கிட்டறிதல் நலம்.

உத்திரம் 4 மீட்டர் நீளம், 100 கிலோ எடை எனக் கொள்வோம். மேற்குத் தாங்கியிலிருந்து 1 மீட்டரில் 400 கிலோ பாரம் நிற்கிறது. பாரத்தைத் தூரத்தால் பெருக்கக் கிடைப்பது திருப்புத்திறன். மேற்குத் தாங்கியிலிருந்து அளந்தால், பாரத்திற்கு 400, உத்திரத்தின் எடை நடுவில் இயங்குவதால் அதற்கு 200, ஆக 600. இதனை 4 மீட்டருக்கு அப்பாலுள்ள கிழக்குத் தாங்கி எதிர்த்து நிற்கிறது. ஆகவே அதன் பங்கு 150 கிலோ. எஞ்சிய 350 கிலோ மேற்குத் தாங்கியுடையது.

பாரம் ஒரு முனைக்கே நகருமாயின் அம்முனை 450 கிலோ சுமக்கும். சரிபாதி எனக் கருதி 250 கிலோவுக்குக் கட்டினால் கரை சரியும். ஆதலின் இரு தாங்கிகளையும் 450 கிலோவுக்கு மிகையாகவே உறுதிசெய்யுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களை வேண்டுகிறோம்.