ஒரு கட்டம் நகர்ந்தால் இடுப்பு சாயும்

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் கிராஃப் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பினால், தறியில் அந்த இடத்துக் கொக்கி எழும்பும். கட்டத்தின் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. அட்டையைக் கொண்டு கொக்கியைத் தூக்கும் ஜக்கார்டு கருவிக்கு 240 கொக்கி என்றால் குறுக்கே 240 கட்டம். மயிலோ யானையோ மனித உருவமோ அதற்குள் அடங்கியாக வேண்டும். கணினி விளையாட்டுக்குப் பிக்சல் பாத்திரம் வரைகிறவர் செய்வதும் இதே வேலைதான். பிரான்சின் லியோனில் 1839-இல், அந்தக் கருவியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தபோது 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. உங்களுக்கு அவ்வளவு கட்டம் கிடைக்காது. கட்டம் குறையக் குறைய உடலைப் பற்றிய அறிவு கூட வேண்டும் என்பதை வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1981-இல் வந்த டாங்கி காங் விளையாட்டில் ஷிகேரு மியாமோட்டோ தன் பாத்திரத்துக்கு மீசை வைத்தார், தொப்பி போட்டார். அத்தனை சிறிய உருவத்தில் வாயும் தலைமுடியும் துலங்காது என்பதுதான் காரணம். எதை விடலாம் என்று முடிவெடுக்கும் அந்தத் தெளிவு உடலைப் பார்த்துப் பழகிய பிறகே வரும்.

கணக்கில் தொடங்குங்கள்

பிக்சல் படம் வரையும் ஏஸ்பிரைட் மென்பொருள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் உலாவியிலேயே இலவசமாக ஓடும் பிஸ்கெல் போதும். கிராஃப் நோட்டும் பென்சிலும் அதைவிட நல்லது என்பது என் கருத்து. 32 கட்ட அகலம், 48 கட்ட உயரம் எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி மனிதர் தன் தலையைப் போல் ஏழரை மடங்கு உயரம். தலைக்கு 6 கட்டம் கொடுத்தால் ஆள் 45 கட்டம். மேலே கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

உச்சியிலிருந்து எண்ணி இந்த வரிகளில் புள்ளி வையுங்கள். 6-இல் முகவாய், 8-இல் தோள், 12-இல் மார்பு, 18-இல் தொப்புள், 23-இல் கவட்டை, 33-இல் முழங்கால், 45-இல் பாதம். கையைத் தொங்கவிட்டால் முழங்கை தொப்புளுக்குச் சற்று மேலேயும், மணிக்கட்டு கவட்டை வரியிலும், விரல்நுனி 27-ஆம் வரியிலும் வரும். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் காலைத்தான் குட்டையாக்கிவிடுகிறார்கள். கவட்டைதான் உடலின் பாதி என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அது சரியாகிவிடும்.

அகலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தலை 5 கட்டம் என்றால் தோளும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் மூக்கும் தொப்புளும் ஒரே நெடுவரிசையில் நிற்கும். ஆணுக்குத் தோள் 11, இடுப்பு 7. பெண்ணுக்கு இரண்டும் 9. இது ஆரம்பக் கணக்குதான். கைக்குழந்தைக்கு நான்கு தலை உயரம் போதும். விளையாட்டுகளில் வரும் குட்டிப் பாத்திரங்களுக்கு இரண்டு, மூன்று தலைதான்.

நம் ஸ்தபதிகளின் தாலக் கணக்கைத் தெரிந்தவர்கள் இங்கே குழம்பக்கூடும். தாலம் என்பது நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து முகவாய் வரையுள்ள முகத்தின் அளவு, 12 அங்குலம். உச்சி முதல் அளக்கும் தலைக் கணக்கு வேறு. நவதாலச் சிற்பத்தைப் பார்த்து ஒன்பது தலை வைத்தால் ஆள் தென்னை மரமாகிவிடுவார்.

உடலை மூன்று பெட்டியாகப் பிரியுங்கள்

தலை, விலாக்கூடு, இடுப்பெலும்பு. இந்த மூன்றும் உருமாறாத கட்டிகள். உடலை வளைப்பது இவற்றுக்கு இடையே உள்ள கழுத்தும் வயிறும்தான். மூன்றையும் மூன்று நிறத்தில் நிரப்புங்கள். இடக் கைகால் ஒரு நிறம், வலக் கைகால் வேறு நிறம். இந்த நிறங்கள் கடைசியில் போய்விடும், ஆனால் எந்தக் கால் முன்னே இருக்கிறது என்ற குழப்பம் அன்றோடு தீரும்.

எடை எந்தக் காலில்?

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதில்தான். நேராக, இரண்டு காலிலும் சமமாக நிற்பது சமபங்கம். அது பொம்மை நிலை. உயிர் வருவது உடல் சற்றே சாயும் ஆபங்கத்திலும், மூன்று இடத்தில் வளையும் திரிபங்கத்திலும்தான்.

எடையை வலக்காலுக்கு மாற்றிப் பாருங்கள். வலப்பக்க இடுப்பு ஒரு கட்டம் மேலே, இடப்பக்கம் ஒரு கட்டம் கீழே. தோளில் தலைகீழ்: வலத்தோள் ஒரு கட்டம் இறங்கும், இடத்தோள் ஏறும். வலப்பக்க இடை சுருங்கும், இடப்பக்கம் நீளும். பிறகு கழுத்துக் குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இழுங்கள்; அது வலக் குதிகாலில் விழ வேண்டும். விழவில்லை என்றால் இடுப்பை மொத்தமாக ஒன்றோ இரண்டோ கட்டம் வலப்புறம் தள்ளுங்கள். இவ்வளவுதான் மாற்றம், ஆனால் படத்திலிருக்கும் ஆள் பேருந்துக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

இதைக் கற்க வந்தவாசிப் பக்கம் இருப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். தேசூர் பக்கம் சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்ற குடைவரைக் கோயில் இருக்கிறது. அதன் தூண் ஒன்றில் கால் தூக்கி ஆடும் சிவன், சிறிய புடைப்புச் சிற்பமாக இருக்கிறார். ஆடல்வல்லானின் மிகப் பழைய கல்லுருவங்களில் ஒன்று. ஊன்றிய காலுக்கு மேல் உடல் எப்படி அமர்ந்திருக்கிறது, தூக்கிய காலை ஈடுகட்ட மேலுடல் என்ன செய்கிறது என்று பார்த்து நோட்டில் முதலில் கட்டமில்லாமல் வரையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கட்டத்தில் இறக்குங்கள்.

உட்கார்ந்தவர்களையும் வரையுங்கள்

விளையாட்டுப் பாத்திரம் என்றால் நிற்பதும் ஓடுவதும்தான் என்று இருந்துவிடாதீர்கள். கோரைப்பாய் நெய்யும் கைத்தறியில் இரண்டு பேர்: ஒருவர் குச்சியால் கோரையைச் செலுத்துவார், மற்றவர் தறிமேல் உட்கார்ந்து அச்சை அடிப்பார். அவர்கள் அனுமதியோடு பக்கத்தில் அமர்ந்து வரைந்தால் முதுகும் தோள்பட்டையும் நன்றாகப் புரியும். கை முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே நகர்கிறது. நம் படங்களில் கை மட்டும் நீண்டு தோள் அப்படியே கிடக்கும். தரையில் சம்மணமிட்டவர் உயரம் ஏறக்குறைய நான்கு தலை, அதாவது 24 கட்டம்.

கைகால் குழாய் அல்ல

அகலத்தில் மேல்கை 3 கட்டம், மணிக்கட்டு 2. முன்னிருந்து பார்த்தால் கெண்டைக்காலின் வெளிப்புடைப்பு உள்புடைப்பைவிட ஒரு கட்டம் மேலே. கணுக்காலில் நேர்மாறு: உள்மொழி மேலே, வெளிமொழி கீழே. பக்கவாட்டில் தொடை முன்பக்கமும் கெண்டை பின்பக்கமும் புடைக்கும். இந்த ஒரு கட்ட வித்தியாசங்கள் காலைத் தூணிலிருந்து பிரிக்கின்றன. தசைப் பெயர்களை மனப்பாடம் செய்ய நேரமில்லையா, விடுங்கள். இந்த இடங்களை மட்டும் கண்ணில் வையுங்கள்.

வளைவுகளில் ஒவ்வொரு படியிலும் வரும் கட்டங்களின் எண்ணிக்கை சீராக மாறட்டும்: 1, 2, 3, 2, 1 என்று. நடுவில் 3, 1, 3 என்று வந்தால் பல் முளைத்ததுபோல் உறுத்தும்.

நிழலும் உடையும்

மூன்று நிறம் போதும். ஒளி இடது மேலிருந்து வருகிறது என்று முடிவுசெய்து, பெட்டியின் எந்தப் பக்கம் ஒளியைப் பார்க்கிறதோ அதற்கு மட்டும் வெளிச்சம் கொடுங்கள். விளிம்பு முழுக்க இருட்டடித்து நடுவை வெளுப்பது உடலைத் தலையணையாக்கிவிடும். நம் மாநிறத்துக்கு நிழல் போடக் கறுப்பைக் கலக்க வேண்டாம். செம்பழுப்பிலிருந்து ஊதாப் பக்கம் நகர்த்துங்கள்.

சேலையும் வேட்டியும் தனி லேயரில் வரட்டும். அடியில் உடல் முழுதாக இருக்க வேண்டும். மடிப்புகள் பெரும்பாலும் தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்று இடங்களிலிருந்து கிளம்புகின்றன. வேட்டிக்குள் முழங்கால் எங்கே என்று தெரியாதவர் போடும் மடிப்பு வெறும் கோடாகத்தான் நிற்கும்.

படத்தைத் தறிக்குக் கொண்டுபோகும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாவு அடர்த்தியும் ஊடை அடர்த்தியும் ஒன்றாக இருப்பதில்லை; சதுரக் கட்டத்தில் போட்ட வட்ட முகம் துணியில் நீண்டோ சப்பையாகவோ வரும். டிசைனர்கள் அந்த விகிதத்துக்கு ஏற்ற கிராஃப் தாளையே எடுக்கிறார்கள்.

நடக்க வையுங்கள்

முதலில் உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி எட்டி நின்று பாருங்கள். என்ன செய்கிறார் என்று தெரியவில்லையென்றால் நிழலையும் நிறத்தையும் தொடாதீர்கள், நிலையைத் திருத்துங்கள்.

1989-இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்காக ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதிலிருந்து ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தார். உங்கள் தம்பியும் கைபேசியும் போதும். பக்கவாட்டில் படமெடுத்து நான்கு ஃபிரேம் பிரியுங்கள்: குதிகால் தரையைத் தொடுவது, எடை இறங்குவது, கால் காலைக் கடப்பது, உடல் எழுவது. எடை இறங்கும்போது தலை ஒரு கட்டம் கீழே, எழும்போது ஒரு கட்டம் மேலே. கைகள் எதிர்க்காலோடு போகும். சேலை கட்டியவருக்கு அடியைச் சுருக்கி, கொசுவத்தை மட்டும் ஒரு ஃபிரேம் தாமதமாக அசைய விடுங்கள்.