உவர் வயலுக்கேற்ற விதைநெல்

கல்முனை முதலாய அம்பாறைக் கரையோர ஊர்களில், கடலையும் களப்பையும் அண்டிய தாழ்ந்த வயல்கள் சிலவற்றில் இளம்பயிரின் இலைநுனி வெளுத்துக் கருகுவதுண்டு. எருவிட்டும் பயிர் தேறாதாயின், மண்ணிற் சேர்ந்த உப்பே காரணமாகலாம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையால் உவர்நீர் புகுந்த வயல்களின் கமக்காரர் இத்தீமையை நன்கறிவர்.

இத்தகைய நிலத்துக்கு ஏ.ரி. 354 என்னும் இனம் ஏற்றது. அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தார், கேரளத்து உவர்நில நெல்லாகிய பொக்காளியைப் பி.ஜி. 94-1 உடன் கலந்து இதனைப் பெற்றனர். பெயரிலுள்ள 35 என்பது வயதைக் குறிக்கும். அஃதாவது 3½ மாதம்.

எனினும், உப்பைத் தாங்கும் இனமும் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நலிவடையும். ஆதலால்:

1. விதைக்குமுன் வயலில் நன்னீரைத் தேக்கிப் பலமுறை வடித்தல் வேண்டும்.

2. பயிர் நிற்கையில் வயலை வெடிக்க விடலாகாது. மண் உலர்ந்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும்.

3. 100 நெல்மணிகளை ஈரச்சாக்கில் முளைகட்டிப் பார்த்தல் வேண்டும். 85இற்குக் குறைவாக முளைப்பின் அவ்விதையை விலக்குக.

4. முதற் போகத்தில் உவர்மிக்க ஒரு வரவையில் மட்டும் இதனை விதைத்து, பழைய இனத்தோடு ஒப்பிட்டு அறிக.

உவரற்ற வயலுக்கு இவ்வினம் வேண்டுவதில்லை. நிலத்தை அறிந்து விதையைத் தெரிபவருக்கே போட்ட முதல் வீடு திரும்பும்.