பூவும் நாரும்

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பார்கள். கெட்ட புகையும் அப்படித்தான், சேர்க்கையால் பற்றுகிறது. கஞ்சாவை முதன்முதலில் நீட்டுபவர் பெரும்பாலும் முகம் தெரியாத வியாபாரி அல்லர், பழகிய நண்பரே. பலருக்கு அது தொடங்கும் பருவம் நம் பருவம்தான். “ஒருமுறை பார்க்கலாமே” என்ற ஆவல், “பயந்தாங்கொள்ளி” என்ற கேலிக்கு அச்சம், வீட்டில் சொல்ல முடியாத துயரம் ஆகியவையே காரணங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பள்ளி இறுதி வகுப்பு மாணவரிடம் இதைப்பற்றிக் கேட்டு வருகிறது. கடந்த ஓராண்டில் கஞ்சாவைப் பயன்படுத்தியதாகச் சொன்னோர் 1979-இல் நூற்றுக்கு 51 பேர். 1992-இல் 22 பேர். இடையில் கஞ்சா அரிதாகிவிட்டதா? இல்லை. எளிதில் கிடைக்கும் என்றே பெரும்பாலோர் கூறினர். மாறியது அவர்கள் எண்ணம்! தீங்கு என்று உணர்ந்தோர் பெருகினர், புகைத்தோர் குறைந்தனர்.

மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. ஆகவே இளமையில் தொடங்குவோரே எளிதில் அடிமையாகின்றனர்.

அன்புப் பெற்றோரே, நாங்கள் துயரத்தைச் சொல்ல வரும்போது, கடிந்துகொள்ளுமுன் காது கொடுங்கள்.

தோழியரே, “வேண்டாம்” என்று ஒருத்தி சொன்னால், அருகில் நிற்பவளுக்கும் துணிவு பிறக்கும். நாம் நாராக இராமல் பூவாக இருப்போம்!