காஜாங்கில் ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்களுக்கு

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை என்றதும் தமிழ்நாட்டு இளையோர் பலரின் வாயில் முதலில் வருவது கொரியா. அங்கே அந்த வேலைக்கான விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியருக்கு 2010இல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தம் ஒரு சின்ன வழியைத் திறந்துவிட்டது. அதற்கும் ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதியும் வேண்டும். மலேசியாவிலோ, கிள்ளான் பள்ளத்தாக்கின் அனைத்துலகப் பள்ளிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்குள்ள காஜாங், பாங்கி, செமினி வட்டாரத்துக்கு வரப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆவணங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம். இதைக் காட்டி, “முதலில் வந்து சேருங்கள், பெர்மிட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று ஓர் ஏஜெண்டு சொன்னால் டிக்கெட் எடுக்காதீர்கள். சுற்றுலா நுழைவில் வகுப்பெடுப்பது குற்றம். பிடிபட்டால் தடுப்பு முகாமுக்குப் போவது நீங்கள்தான், ஏஜெண்டு போகமாட்டார். வேலை அனுமதிக்கு, அதாவது பாஸுக்கு, பள்ளி விண்ணப்பித்து, ஒப்புதல் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகே கிளம்புங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி கற்பிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். அதை யார் எடுத்துத் தருவார்கள், எப்போது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வந்த பிறகு, “பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்று கடப்பிதழைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பாஸ் எடுப்பதற்காகக் கொடுத்தாலும் வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் கடப்பிதழை முடக்கி வைப்பது இந்நாட்டில் சட்டப்படி குற்றம்.

காஜாங்கில் இறங்கியதும் மனசு சட்டென்று லேசாகிவிடும். கோயில் இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது, கடைக்கார அண்ணன் தமிழில் விலை சொல்கிறார். 1890களிலேயே இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் போட்ட ஊர் இது. தமிழர் இங்கே நேற்று வந்தவர்கள் இல்லை. இந்தப் பழக்கப்பட்ட முகத்தைப் பார்த்து, ஊரை அறிந்துகொண்டோம் என்று நினைத்துவிடுவதுதான் நம்மவர்களுக்கு வரும் சிக்கல். கொரியாவில் இறங்கியவருக்கு ஒன்றும் தெரியாதென்று அவருக்கே தெரியும். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வார். காஜாங்கில் இறங்கிய தமிழ்நாட்டு ஆசிரியர் எதையும் கேட்பதில்லை. வகுப்பறையில் அந்தக் கேளாமை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளைக்கு, அரசு இடைநிலைப்பள்ளியில் காலெடுத்து வைத்ததும் பாடமெல்லாம் மலாய். சீனப்பள்ளிப் பிள்ளைக்கும் அப்படியே. கணிதத்தையும் அறிவியலையும் 2003இல் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், பிறகு படிப்படியாகப் பழையபடி திருப்பினார்கள், 2016இல் விரும்பும் பள்ளிகளுக்கு மட்டும் மீண்டும் திறந்தார்கள். அக்காவின் ஆங்கிலமும் தம்பியின் ஆங்கிலமும் ஒரே வீட்டில் வேறுவேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டு மாணவர்களுக்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பை 2012இல் நீக்கிவிட்டதால், அங்கேயும் இந்த எல்லா வழிகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரம் திருத்தாதீர்கள், கேளுங்கள். “டீச்சர், டுமாரோ சப்மிட், கேன் ஆ?” என்று ஒரு மாணவி கேட்பாள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்துப் பிள்ளைகளும் கேண்டீனில் பேசிப் பழகிய ஆங்கிலம் அது. “எஸ், யூ மே சப்மிட் இட் டுமாரோ” என்று முழு வாக்கியமாகப் பதில் சொல்லிவிட்டு நகருங்கள். நாலைந்து தடவை கேட்டபின் அவளே அப்படிச் சொல்லத் தொடங்குவாள். வகுப்பு முன்னால் நிறுத்தித் திருத்தினால் அடுத்த மாதம்வரை வாயைத் திறக்கமாட்டாள். உங்கள் பேச்சையும் கொஞ்சம் மெதுவாக்குங்கள்; நம்மூர் ஆங்கிலத்தின் வேகம் இவர்களுக்குப் புதிது.

வருகைப் பதிவேட்டை முதல் நாளுக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். மலாய்க்காரருக்குக் குடும்பப்பெயர் இல்லை. ‘பின்’, ‘பிந்தி’க்குப் பிறகு வருவது அப்பா பெயர். சீனருக்குக் குடும்பப்பெயர் முன்னால் வரும். நம் பிள்ளைகளின் பெயரில் ‘அ/லெ’, ‘அ/பெ’ என்று வந்தால் இன்னாரின் மகன், மகள். அப்பா பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும், அந்தப் பிள்ளை கூனிக் குறுகும். நோன்பு மாதத்தில் மாணவர் முன்னால் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காதீர்கள். சக ஆசிரியர் கை நீட்டினால் மட்டும் கை கொடுங்கள்.

வீட்டு விஷயத்தில் கையில் பணம் வேண்டும். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்பதே வழக்கம். 1,500 ரிங்கிட் வாடகை என்றால் முதல் சம்பளத்துக்கு முன்பே 5,250 போய்விடும். சில விளம்பரங்களில் இந்த இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். முதல் வாரத்தில் அதைப் படிக்கிறபோது வலிக்கும். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அந்த வலி உண்டு. பள்ளியில் உங்களுக்கு முன்னால் வந்தவரிடம் கேட்டு, அவருக்கு வீடு கொடுத்தவர் மூலம் தேடுங்கள். ஒப்பந்தத்தில் முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காஜாங் எம்ஆர்டி நிலையத்துக்கோ ஸ்டேடியம் காஜாங் நிலையத்துக்கோ பக்கத்தில் கிடைத்தால் கார் வாங்கும் அவசரம் இல்லை. மாதம் 50 ரிங்கிட் பயணச் சீட்டு குடிமக்களுக்கு மட்டுமே. உள்ளூர்ச் சக ஆசிரியர் சொன்ன அந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஆண்டுக்கு 182 நாள் இங்கே இருந்தால்தான் வரியில் உள்நாட்டவர் கணக்கு. இல்லாவிட்டால் நேராக 30 விழுக்காடு. ஆகஸ்டில் வருகிறவரின் முதல் சில சம்பளம் மெலிந்திருக்க இதுதான் காரணம். அடுத்த ஆண்டு தொடர்ந்து இருந்தால் அந்த மாதங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெற வழியுண்டு. அதற்கு ஆதாரமாகக் கடப்பிதழின் எல்லா முத்திரைப் பக்கங்களையும் நகலெடுத்து வையுங்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டவருக்கும் ஊழியர் சேமநிதிப் பிடித்தம் உண்டு: உங்கள் பங்கு 2, முதலாளி பங்கு 2 விழுக்காடு. சம்பளச் சீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக டியூஷன். அக்கம்பக்கத்து அம்மாக்கள் நிச்சயம் கேட்பார்கள். உங்கள் அனுமதி அந்த ஒரு பள்ளிக்கு மட்டும்; வீட்டில் காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் பாஸே பறிபோகலாம். “பாஸ் இடம் கொடுக்காது, அக்கா” என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.