எடை இறங்கியது, பசி ஏறியது

கேள்வி: எட்டு மாதத்தில் 11 கிலோ குறைத்தேன். இப்போது முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது. காலை நடைதான் காரணமா? நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பெரும்பாலும் குற்றவாளி நடை அல்ல, இறங்கிய எடைதான். கொழுப்பு கரையும்போது, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது; பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறுகிறது. எடை குறைத்தவர்களை மெல்போர்னில் ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்தும் இந்த மாற்றம் மறையவில்லை. உங்கள் மனஉறுதியைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

நடைக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜான் மேயர் குழுவினர் 1956-ல் எழுதினார்கள். கடும் உழைப்பாளிகள் நிறையச் சாப்பிட்டார்கள், அது நியாயம். ஆனால் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், இலேசாக உழைத்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதல்! அசையாத உடம்புக்குப் பசியின் அளவு பிடிபடுவதில்லை போலும்.

தட்டை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். நாலு இட்லி இரண்டாகட்டும், கூட ஒரு முட்டை, கெட்டிச் சாம்பார். மாலையில் சுண்டல். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நின்று பேசும். நடந்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையில் பஜ்ஜி கேட்கத் தோன்றுகிறதே, அது பசி அல்ல, நடந்ததற்குக் கூலி.